துத்தம் போடாத பசை

மைதா மாவு கொதிக்கிற வாசம் எங்கிருந்தாவது வந்தால் எனக்குள் ஒரு பள்ளிக்கூடம் திறந்துவிடும். ஆடியாக இருக்கட்டும், மார்கழியாக இருக்கட்டும், எனக்கு அது ஜூன் மாதம்தான். போன வருடம் எங்கள் குடியிருப்பில் ஏதோ விழாவுக்குத் தோரணம் ஒட்டப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பசை காய்ச்சினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு அவர்கள் வாசலில் போய் நின்று, துத்தம் போட்டீர்களா என்று கேட்டேன். அவர்களுக்குத் துத்தம் என்றால் என்னவென்று தெரியவில்லை. எனக்கும் எப்படி விளக்குவதென்று தெரியவில்லை. போடாவிட்டால் ஆடு தின்றுவிடும் என்றேன். நாலாவது மாடியில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னதிலிருந்து அந்த வீட்டில் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்ல முடியாததைத்தான் இங்கே சொல்கிறேன்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். கோவில்பட்டியில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம். எலாஸ்டிக் வைத்த டை, கறுப்பு ஷூ, வாசலில் வந்து ஹாரன் அடிக்கிற மஞ்சள் வேன் என்று சகல பெருமைகளும் எனக்கு இருந்தன. வேனில் டிரைவருக்குப் பின்னால் இருந்த இடம் என்னுடையது. அதில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு நான் ஒருவரோடும் பேச மாட்டேன்.

அந்தப் பள்ளியில் என்னைச் சேர்க்க ஒற்றைக்காலில் நின்றது அம்மாதான். அம்மா தமிழில் படித்து டீச்சரானவள். ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் நாலு பேர் முன்னால் எழுந்து தன்னைப் பற்றி இங்கிலீஷில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். பெயருக்கு மேல் இவளுக்கு ஒன்றும் வரவில்லை. பின்னால் யாரோ சிரித்திருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்து, என் பிள்ளை ஒருநாளும் இப்படி நிற்கக் கூடாது என்று சொன்னாளாம். நான் அப்போது தொட்டிலில் கிடந்தேன். மில்லில் வேலை பார்த்த அப்பா முதலில் தயங்கினார். பிறகு அம்மாவைவிட அவருக்குத்தான் அந்தப் பள்ளியின் மேல் பிரியம் கூடிப்போனது. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு ஏதாவது இங்கிலீஷில் சொல்லச் சொல்வார். நான் மாதங்களின் பெயர்களை மூச்சுவிடாமல் சொல்வேன். வந்தவர்கள் அசந்துபோவார்கள்.

அம்மா வேலை பார்த்தது எட்டயபுரம் சாலையிலிருந்து உள்ளே பிரிந்துபோகிற ஒரு கரிசல்காட்டு ஊரில். பெரிய கூடம் ஒன்று, முன்னால் ஒரு வராண்டா, வாசலில் ஒரு வேம்பு. அதுதான் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் அந்த ஒரே கூடத்தில்தான் உட்காருவார்கள். தினமும் காலையில் அம்மா ஒரு பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் கிழக்கே போவாள், நான் இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு வேனில் மேற்கே போவேன். இதில் வேடிக்கையாக ஏதாவது இருப்பதாக எனக்குப் பட்டதில்லை.

அந்த வருடம் அங்கே தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுப் போய்விட, பொறுப்பு அம்மாவின் தலையில் விழுந்தது. கூடவே ஒரு பேச்சும் வந்தது. ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாகப் பிள்ளைகள் சேரவில்லையென்றால் அந்தப் பள்ளியை மூடி, நாற்கரச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். லாரிகள் பறக்கிற அந்த ரோட்டை ஐந்து வயதுப் பிள்ளைகள் தினமும் இரண்டு தடவை தாண்ட வேண்டும். அந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோவில்பட்டியில் இருக்கிற வேறொரு இங்கிலீஷ் பள்ளியின் வேன் ஊருக்குள்ளேயே வர ஆரம்பித்திருந்தது. கையில் கொஞ்சம் காசோட்டமிருந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அதில் ஏறிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களும் வேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிடும்போதெல்லாம் வீட்டில் இதே பேச்சாக இருந்தது. ஊர்க் கவலை ஊருக்கு, உனக்கு வேறு ஊருக்கு மாறுதல் கிடைக்காமலா போகும் என்பார் அப்பா. அம்மா ரசம் ஊற்றுவாள். ஒருநாள் மட்டும், பள்ளிக்கூடத்துக்குள் எட்டிப் பார்க்கிற பிள்ளை வெளியே போகமாட்டேன் என்று அழ வேண்டும், அப்படி அந்தக் கூடத்தை மாற்றப்போகிறேன் என்றாள். அவ்வளவுதான், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மே மாதக் கடைசி. விடுமுறையில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் வீட்டுப் பல்லிகளுக்கு இங்கிலீஷ் மாதங்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நானும் வருவேன் என்று அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அம்மாவும் நானும் மாமாவும் போய் இறங்கினோம். மாமா அம்மாவின் தம்பி, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்தில் ஃபாக்டரியைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். தானும் ஆபீஸ் போகிறவன்தான் என்று மாமா அடிக்கடி சொல்லிக்கொள்வார். 

பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியதுதான் தாமதம், அம்மா ஒரு தும்மல் போட்டாள். அடுத்து மாமா. அப்புறம் நான். கோடை விடுமுறையில் அந்தக் கூடத்தில் ஊர்க்காரர்கள் மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கி வைப்பது வழக்கமாம். பழைய தலைமையாசிரியர் தாராளமாகச் சாவியைக் கொடுத்துவிடுவாராம். மூட்டைகள் விளாத்திகுளம் சந்தைக்குப் போய்விட்டன. அவற்றின் ஆத்மா மட்டும் அங்கேயே தங்கியிருந்தது. விளக்குமாற்றை ஒரு இழுப்பு இழுத்தால் மூலைக்கு மூலை தும்மல். தண்ணீர் தெளித்துப் பெருக்கினால் நெடி இன்னும் ஏறியது. ரோட்டில் சைக்கிளில் போன ஒருவர்கூட நின்று தும்மிவிட்டுப் போனார். மாமா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கொள்ளைக்காரன் மாதிரி பெருக்க, அம்மா கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஒவ்வொரு தும்மலும் பண்டிகையாக இருந்தது.

விடுமுறையில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தவை ஆடுகள்தான். வெயில் ஏறியதும் வராண்டாவில் வரிசையாக வந்து படுத்துக்கொள்ளும். நாங்கள் விரட்டினால் எழுந்து, நீங்கள் யார் என்று கேட்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடியும் படுக்கும். ஆடுகள் ராமுத்தாய் அத்தையுடையவை. எங்களுக்குச் சொந்தம் ஒன்றுமில்லை, பள்ளிக்கு எதிர்வீடு, அம்மா அத்தை என்று கூப்பிடச் சொன்னதால் அத்தை. வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்குக் கட்டு ஒட்டுவார், அதாவது காலிப் பெட்டிகளைப் பசை தடவி ஒட்டிக் கொடுப்பார், ஆடு வளர்ப்பார். ஒரே மகள் செல்விக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. ஒன்றாம் வகுப்புக்கு அந்த ஊரில் முதலில் சேர வேண்டிய பிள்ளை அவள்தான். ராமுத்தாய் எந்தப் பக்கம் போகிறாரோ, அந்தப் பக்கம்தான் தெருவில் மற்ற தாய்மார்களும் போவார்கள் என்று அம்மா மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செல்வி முதல் நாளே உள்ளே வந்துவிட்டாள். வந்தவள் வாயை மூடவில்லை. வாளியை அங்கே வைக்காதீங்க, பெஞ்சை இப்படிப் போடுங்க என்று எல்லோருக்கும் வேலை சொன்னாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. வேலை சொல்வது என் உத்தியோகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் கரும்பலகை. வேலியில் படர்ந்திருந்த கோவை இலையைப் பறித்து வந்து, ராமுத்தாய் அத்தை வீட்டு அடுப்புக்கரியோடு சேர்த்துக் கல்லில் வைத்து நசுக்கினோம். பச்சையும் கறுப்புமாக ஒரு விழுது வரும். அதைத் துணியில் தொட்டுப் பலகை முழுவதும் தேய்க்க வேண்டும். முழங்கை வரைக்கும் எனக்கும் செல்விக்கும் ஒரே நிறமாகிவிட்டது. காய்ந்த பிறகு பார்த்தால், உழுது போட்ட கரிசல் நிலத்தில் மழை பெய்த மாதிரிப் பலகை மினுங்கியது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா கையைப் பிடித்துவிட்டாள். முதல் எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத்தானாம். யார் வருகிறார்களோ அவர்கள் கையைப் பிடித்து அம்மாதான் அதை எழுத வைப்பாளாம். அம்மா எழுத்து எங்கள் சொந்தத்தில் பேர்போனது. கல்யாண வீட்டு வாசல் பலகையில் மணமக்கள் பெயரை எழுத அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். என் கையைப் பிடித்து அவள் அரிசியில் எழுத வைத்த அகரத்தைப் பார்த்து, அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று ஊரே சொன்னதாம்.

மூன்றாவது நாள்தான் பெரிய வேலை. மாமா தோளில் ஒரு பெரிய சுருளோடு வந்தார். தீப்பெட்டி மேல் ஒட்டுகிற லேபிள், வெட்டாத தாள்கள். அச்சில் நிறம் விலகிப்போனதால் கழித்துப் போட்டவை. கிளி, யானை, தாமரை, சேவல், கப்பல், மயில் என்று ஒவ்வொரு தாளிலும் நெருக்கி அடித்திருந்தது. கிளிக்கு மூக்கு ஒரு பக்கமும் அதன் சிவப்பு இன்னொரு பக்கமும் இருந்தது. எங்களுக்கு அதெல்லாம் ஒரு குறையா. வெட்டிப் பழைய நாள்காட்டி அட்டைகளில் ஒட்டி, பக்கத்தில் அம்மா பெரிது பெரிதாக எழுத்தை எழுதினாள். க பக்கத்தில் கப்பல், ம பக்கத்தில் மயில். ஆ என்ற எழுத்துக்கு லேபிள் கிடைக்காததால் மாமா தானே ஒரு ஆடு வரைந்தார். அது நாய் என்று செல்வி அடித்துச் சொன்னாள். மாமாவுக்கு மனது சங்கடமாகிவிட்டது.

அட்டைகளைச் சுவரில் ஒட்டப் பசை காய்ச்ச வேண்டும். வேம்படியில் கல்லைக் கூட்டி, மாமா மைதாவைக் கரைத்துக் கிண்டினார். கட்டி தட்டாமல், தீயாமல், ஆபீஸ் பக்குவத்தில் வந்தது. கடைசியில் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே நீல நிறத்தில் கற்கண்டுபோல மயில்துத்தம். எங்கள் பக்கத்தில் கட்டு ஒட்டுகிற எந்த வீட்டிலும் துத்தம் போடாமல் பசை காய்ச்ச மாட்டார்கள். போட்டால்தான் எலியும் கரப்பானும் அண்டாது. அது விஷம். பசைச் சட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடும்.

அம்மா அந்தப் பொட்டலத்தை வாங்கி மடித்து மாமாவின் மடியிலேயே வைத்தாள்.

"வேண்டாம்டா. ஒண்ணாப்புப் பிள்ளைக சுவத்துல கைய வச்சு, அதே கைய வாயில வைக்கும்."

"துத்தம் இல்லாட்டா அது பசை இல்லக்கா, வெறும் களி."

"களியாவே இருக்கட்டும்."

மாமா நெடுநேரம் முணுமுணுத்தார். ஆபீஸில் யாராவது கேள்விப்பட்டால் தன் மானம் போய்விடும் என்றார். அம்மா அசையவில்லை.

அட்டைகளை எவ்வளவு உயரத்தில் ஒட்டுவது என்று அடுத்த பஞ்சாயத்து. எல்லாப் பள்ளியிலும் படங்கள் உத்தரத்தின் பக்கத்தில் தொங்கும், ஆசிரியர்கள் மட்டும் படித்துக்கொள்ளலாம். அம்மா செல்வியைச் சுவரோரம் நிறுத்தி, அவள் கண்ணுக்கு நேராகக் கோடு போட்டாள். அந்தக் கோட்டில்தான் எல்லா எழுத்தும். செல்வி கூடத்தைச் சுற்றி ஒவ்வொரு படமாகத் தடவிக்கொண்டே போனாள். கிளி வந்ததும் நின்றுவிட்டாள். இது எனக்கு என்றாள். அம்மா சரி என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கென்று ஒரு மூலையை நானே பிடித்துக்கொண்டேன். தெற்கு ஜன்னலோரம். அங்கே உட்கார்ந்தால் வேம்புக் காற்று முகத்தில் அடிக்கும், பஸ் வருகிற ரோடு வளைவு வரைக்கும் தெரியும். சாக்பீஸால் தரையில் ஒரு கட்டம் போட்டேன். நிறம் விலகாமல் தப்பித்திருந்த ஒரே மயிலை எடுத்துக்கொண்டு, பெஞ்சில் ஏறி, ஜன்னலுக்கு மேலே எட்டின உயரத்தில் ஒட்டினேன். செல்வியின் கை அதில் படக் கூடாது என்பதும் ஒரு காரணம். இந்த இடத்தில் உட்காரப்போவது யார் என்று அம்மாவிடம் கேட்டேன். கொடுத்துவைத்த பிள்ளை யாராவது வரும் என்று சொல்லிவிட்டு, அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கன்னத்தில் பசை ஒட்டியிருக்கிறது போல என்று துடைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ராமுத்தாய் அத்தை மகளைக் கூப்பிட வந்தவர், வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெருக்கித் துடைத்த தரை, மினுங்குகிற பலகை, சுவர் முழுக்கப் படங்கள். அவர் முகம் மலர்ந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். இம்புட்டு அழகா வச்சிருக்கீங்க. ஒங்க பிள்ள எங்கன படிக்குது?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். பள்ளியின் பெயர், அது கோவில்பட்டியில் எந்த இடம், வேன் என்ன நிறம், என் இடம் எது, எல்லாம். கேட்கவில்லை என்றாலும் மாதங்களையும் ஏப்ரல் வரைக்கும் சொன்னேன். ராமுத்தாய் அத்தை கெட்டிக்காரப் பிள்ளை என்று என் தாடையைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அம்மா ஏற்கெனவே நன்றாக ஒட்டியிருந்த ஒரு அட்டையின் ஓரத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது கதவைப் பூட்டப்போன அம்மாவை மாமா தடுத்தார். பசை காற்றாடக் காய வேண்டும், மூடிவைத்தால் நாளைக்கே பூஞ்சை பிடிக்கும், இதாவது நான் சொல்வதைக் கேள் என்றார். ஒட்டின தீப்பெட்டிக் கட்டுகளை அப்படித்தான் முற்றத்தில் பரப்பிக் காய வைப்பார்கள். துத்த விஷயத்தில் தம்பி மனது கோணியிருந்ததால் அம்மா சரி என்றாள். பீரோ பூட்டியிருந்தது. மற்றபடி அங்கே களவு போக எழுத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்து, கதவையும் விரியத் திறந்து, குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டுவிட்டு வந்தோம். மறுநாள் பள்ளி திறப்பு.

என் பள்ளி திறக்க இன்னும் சில நாள் இருந்ததால் நானும் அம்மாவோடு போனேன். வழக்கமாக வருடா வருடம் மே கடைசியில் எனக்குப் புது டையும் ஷூவும் வந்துவிடும். அந்த வருடம் கேட்டபோதெல்லாம் பார்க்கலாம் என்றே அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தாள். பயணம் பூராவும் என் பின்னலை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னிக்கொண்டே வந்தாள்.

தூரத்திலேயே தெரிந்துவிட்டது. வேம்படியில் கூட்டம். வேனுக்காக வந்த தாய்மார்களும், டை கட்டின பிள்ளைகளும், டை கட்டாத பிள்ளைகளும் பள்ளியைப் பார்த்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசற்பெஞ்சைத் தாண்டி ஒரு ஆடு சாவகாசமாக வெளியே குதித்தது. அதன் தாடியில் ஒரு தாமரை ஒட்டியிருந்தது.

உள்ளே ஓடினோம். மாமாவின் பக்குவமான மைதா ஆடுகளுக்கு ரொம்பவும் பிடித்துப்போயிருக்க வேண்டும். செல்வியின் கண்ணுக்கு நேராக ஒட்டியது ஆட்டின் வாய்க்கும் நேராக இருந்திருக்கிறது. உயிரெழுத்து மெய்யெழுத்து என்று பேதம் பார்க்காமல் சுவரைச் சுற்றி வழித்து நக்கியிருந்தன. அங்கங்கே அட்டையின் மூலைகள் மட்டும் மிச்சம். மாமா வரைந்த ஆட்டையும் சொந்தம் கொண்டாடாமல் தின்றுவிட்டிருந்தன. ஜன்னலுக்கு மேலே என் மயில் ஒன்றுதான் முழுசாக இருந்தது. அம்மா நடுக்கூடத்தில் அசையாமல் நின்றாள். நான் ஆடுகளை விரட்டினேன். அவை என்னைச் சுற்றி விளையாட்டுக் காட்டின. அழுவதா சிரிப்பதா என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு பரபரப்பு என் வேன் வாழ்க்கையில் ஒருநாளும் நடந்ததில்லை.

அப்போதுதான் ராமுத்தாய் அத்தை ஓடிவந்தார். தலைமுடி அவிழ்ந்து, முகம் வெளிறிக் கிடந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்தார், நக்கிக்கொண்டிருந்த கிடாவைப் பார்த்தார், அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், பசையில துத்தம் போட்டிருந்தீங்களா?"

"இல்ல."

"நெசமா?"

"ஒரு துளிகூட இல்ல. நீங்க பயப்படாதீங்க, ஆட்டுக்கு ஒண்ணும் ஆவாது."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தின வருடம் பசைச் சட்டியில் வாய் வைத்த ஒரு சினையாடு அவர் கண் முன்னாலேயே கால் இழுத்துச் செத்திருக்கிறது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு கட்டு ஒட்டுகிறவருக்கு வரவேண்டிய சந்தேகம் வந்தது. துத்தம் போடாமல் யாராவது பசை காய்ச்சுவார்களா, ஏன் போடவில்லை என்று கேட்டார். பிள்ளைகள் கையை வாயில் வைக்கும் என்று அம்மா சொன்னாள். தம்பியிடம் சொன்ன அதே சொல்தான். அத்தை திரும்பி வாசலைப் பார்த்தார். செல்வி அங்கே நின்று, என் கிளியைத் தின்னுட்டுது, என் கிளியைத் தின்னுட்டுது என்று தேம்பிக்கொண்டிருந்தாள். தேம்பும்போதும் அவள் கை வாயில்தான் இருந்தது.

ரோடு வளைவில் வேன் ஹாரன் கேட்டது. வேம்படியில் நின்றவர்கள் பைகளைத் தூக்கினார்கள். ராமுத்தாய் அத்தை எழுந்து செல்வியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்தார், வேன் வருகிற பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அம்மா என் தோளில் கை வைத்தாள்.

"நேத்து ஒண்ணு கேட்டீங்க. பதில் சொல்லாம விட்டுட்டேன். இவ இன்னையிலருந்து இங்கனதான் படிக்கா. நாலாப்பு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஒரு துள்ளுத் துள்ளினேன். கூடத்தைப் பெருக்கியதற்கும், கோவை இலை நசுக்கியதற்கும், ஆட்டை விரட்டியதற்கும் அம்மா எனக்குக் கொடுத்த பரிசு அது என்று நினைத்தேன். தெற்கு ஜன்னலோரம் ஓடிப்போய், நான் போட்ட கட்டத்தில் நானே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தலைக்கு மேலே என் மயில். வேம்புக் காற்று முகத்தில் அடித்தது. உலகத்திலேயே கொடுத்துவைத்த பிள்ளை நான்தான் என்று அந்த நிமிடம் எனக்குச் சந்தேகமே இல்லை.

வேன் வந்து நின்றது. ராமுத்தாய் அத்தை வராண்டாவுக்குப் போய், ஏறப்போவதில்லை என்று டிரைவருக்குக் கையைக் காட்டினார். அவருக்குப் பின்னால் நின்ற இன்னும் சில தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெல்லப் படியேறினார்கள். எல்லோரும் வரவில்லை. டை கட்டினவர்கள் வேனில்தான் போனார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு ஒரு வரிசை உட்கார்ந்துவிட்டது. அந்தப் பள்ளிக்கூடம் மூடப்படவில்லை. போன மாதம் அந்த வழியாகப் போனபோதுகூட வராண்டாவில் ஆடுகள் படுத்திருந்தன.

அன்று வீட்டில் அப்பா சாப்பிடாமல் எழுந்துபோனார். பிறகு ரொம்ப நாள் அம்மாவோடு பேசவில்லை. வேண்டியதை என்னிடம் சொல்லி, அம்மாவிடம் சொல்லச் சொல்வார். எனக்கு அந்தத் தூது உத்தியோகம் பிடித்திருந்தது. விருந்தாளிகள் வந்தால் மாதங்களைச் சொல்லச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். நானாகவே போய்ச் சொன்னால், போதும் உள்ளே போ என்றார். இரண்டாம் நாள் வேன் ஞாபகம் வந்து நானும் ஒரு மூச்சு அழுதேன். மூன்றாம் நாள் செல்வி என் டை யாருக்கு வேண்டும் என்று ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் அங்கே படித்தேன். என் இங்கிலீஷ் இன்றைக்கும் கொஞ்சம் தும்மித்தான் வரும். கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால், பெயரைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டுதான் அடுத்ததைச் சொல்வேன். அந்த ஒரு மூச்சில் ஒவ்வொரு தடவையும் அம்மா ஞாபகம் வரும்.

அந்த முதல் நாள் காலையில், வேன் போன பிறகு, அம்மா செல்வியைக் கூப்பிட்டுக் கரும்பலகை முன்னால் நிறுத்தினாள். சுவரில் ஒரு எழுத்தும் இல்லை, பலகை மட்டும்தான் மிச்சம். ஒரு ஸ்டூலில் அவளை ஏற்றி, அவள் விரல்களுக்குள் சாக்பீஸைக் கொடுத்து, அந்தச் சின்னக் கையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு முதல் எழுத்தை எழுத வைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. ஏனென்றால் அந்த அ கோணல்மாணலாக வந்திருந்தது. சுழி உடைந்து, கோடு நெளிந்து, வால் எங்கேயோ போயிருந்தது. செல்விக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் எழுதியிருந்தால் நேராக வந்திருக்கும் என்று என் மயிலுக்குக் கீழே உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன். எழுதியது அம்மாவின் கை என்று எனக்குத் தோன்றவே இல்லை.